நாச்சிமுத்து காட்டில் அடித்த ஒரு டேங்க் மருந்து

டாக்டர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். தாராபுரம் போகிற ரோட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் நிறைந்த விவசாயிகளுக்கு முன்னால் பொய் சொன்னீர்கள். "ஒரு விவசாயி எங்களுக்குத் தெரியாம ட்ரையல் காட்டுல மருந்து அடிச்சுட்டாரு, அதனாலதான் இந்தக் குழப்பம்" என்றீர்கள். அவர் பூச்சி மருந்து அடித்தது உண்மை. உங்களுக்குத் தெரியாது என்றது பொய். அவர் உங்களிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் சார் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நான் வேலை பார்த்த விதைக் கம்பெனியில் புதிய ரகம் உருவாக்கும் பிரிவுக்குத் தலைவர். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். காடு என்றால் எங்கள் பக்கம் வயல். நான் பூச்சிப் பிரிவில் ஃபீல்டு அசிஸ்டென்ட். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். டாக்டர் சாரும் படிக்கட்டும்.

கசகசா

வேலையில் சேர்ந்த முதல் நாள் என்னை அனுப்பிய இடம் மளிகைக் கடை. கசகசா வாங்கி வரச் சொன்னார்கள். நான் கேட்ட அளவைப் பார்த்துக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இத்தனை கசகசா எதுக்குங்க? ஊட்ல விசேஷமுங்களா?"

"புழுவுக்குங்க."

"புழுவா? நேத்து வந்த சரக்குங்க அது. எங்கடைல ஒரு புழு வராதுங்க, கொட்டிப் பாருங்க!"

அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

விஷயம் இதுதான். சோளத்தைத் தண்டுத் துளைப்பான் என்ற புழு தாக்கும். ஒரு ரகம் அந்தப் புழுவைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால் எல்லாச் செடியிலும் ஒரே அளவு புழு இருக்க வேண்டும். தானாக வரும் புழு ஒரு செடியில் கூட்டமாக இருக்கும், பக்கத்துச் செடியில் ஒன்றுகூட இருக்காது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் லேபில் புழு வளர்ப்போம். முட்டையிலிருந்து வெளிவந்த புழு தலைமுடி மாதிரி இருக்கும். கையால் எடுத்தால் செத்துப்போகும். கசகசாவில் கலந்துவிட்டால் உருண்டு ஓடும். அந்தக் கலவையை ஒரு கைக்கருவியில் போட்டு, குருத்துக்கு மேலே பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு சிட்டிகை விழும். அடுத்த செடி. இன்னொரு அழுத்து. நாள் முழுக்க இதே வேலை. முதுகு விட்டுப்போகும்.

புழுவை ஒழிப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புழுவைச் சமமாகப் பங்கு போடுவது என் வேலை. இதைப் பார்க்கிற எந்த விவசாயிக்கும் வயிறு எரியும். அந்த எரிச்சல்தான் இந்தக் கதை முழுக்க.

சோளத்தின் விஷம்

சோளம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இளம் சோளத்தின் இலையில் ஒரு பொருள் இருக்கிறது. சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு அது பேசாமல் கிடக்கும். அதைப் பிரிக்கும் நொதி இன்னொரு இடத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும். இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஏதாவது வந்து கடித்து மென்றால் தடுப்பு உடையும். இரண்டும் கலக்கும். சயனைடு வெளிவரும். முட்டையிலிருந்து வந்த புழு குருத்தைச் சுரண்டியதும் இது அதன் வாயில்தான் நடக்கும். சில புழு சாகும். பல புழு இறங்கி வேறு செடி தேடிப் போகும். முற்றிய புழு ஓரளவு தாங்கிக்கொள்ளும். சோளத்துக்கு இது ஒன்றுதான் காவல் என்று நான் சொல்லவில்லை. இலையின் முடி, இலையில் படிகிற சிலிக்கா என்ற மணல் சத்து என்று இன்னும் இருக்கின்றன. ஆனால் சின்னப் பயிருக்கு, சின்னப் புழுவுக்கு எதிராக, இது பெரிய காவல்.

செடிக்கு மாடு வேறு, புழு வேறு என்று தெரியாது. கடிக்கிற வாய் எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் பூ எடுக்காத சோளத்தை நம் ஊரில் மாட்டுக்குப் போடுவதில்லை. வறட்சியில் வாடிய பயிரும், அறுத்த கட்டையில் மழைக்குப் பிறகு வரும் துளிரும் இன்னும் மோசம்.

மண்டபத்தில் டாக்டர் சார் சொன்ன அந்த விவசாயி நாச்சிமுத்து அண்ணன்தான். அவருடைய கிடாரிக் கன்று ஒன்று அப்படித்தான் போனது. தாராபுரம் பக்கம் ரோட்டை ஒட்டித் தோட்டம். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கிடாரி அறுத்த கட்டையில் துளிர் மேய்ந்தது. பால் சொசைட்டிக்குப் போன அண்ணன் திரும்பி வருவதற்குள் விழுந்துவிட்டது. எங்கள் கம்பெனி விஷம் இல்லாத தீவனச் சோளம் கொண்டுவரப் போகிறது, ட்ரையலுக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது, குத்தகை என்ன என்றுகூடக் கேட்காமல் கொடுத்தார். "இன்னொரு ஊட்ல அப்பிடி ஒரு கன்னு உழுகாம இருந்தாச் செரீங்க" என்றார்.

விஷம் இல்லாததைக் காட்டுவது சுலபம். இலையைக் கசக்கி டியூபில் போட்டு, ரசாயனத்தில் நனைத்த மஞ்சள் காகிதத்தை உள்ளே தொங்கவிட்டு மூட வேண்டும். சயனைடு வந்தால் காகிதம் செங்கல் நிறமாகும். நாட்டுச் சோளத்துக்குக் காகிதம் சிவந்தது. எங்கள் புது ரகத்துக்கு மஞ்சளாகவே இருந்தது. அண்ணனும் அவர் மனைவி சரஸ்வதி அக்காவும் இரண்டு டியூபையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். டாக்டர் சார் இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தப்பில்லை. அது நல்ல வேலை. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

ஆனால் விஷத்தை எடுத்தால் காவலையும் எடுத்த மாதிரி. வேறு காவல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, புழு வந்தால் அந்த ரகம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் போட்ட ட்ரையல் எல்லாம் விளைச்சல் பார்ப்பதற்கு. அங்கே மருந்தடித்துத்தான் வளர்ப்பார்கள். புழு விட்டுப் பார்த்த வயல் நாச்சிமுத்து அண்ணனுடையது மட்டும்தான்.

பட்டிப் பொங்கல்

மார்கழியில் விதைத்தோம். பொங்கலுக்கு முன்னால் குருத்தில் புழு விட்டேன். சரஸ்வதி அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, தூள் மருந்துங்களா அது?"

"இல்லீங்க்கா, புழு."

"புழுவா? வந்ததைக் கொல்றதுக்கே வழியக் காணோம். நீங்க டப்பால கொண்டாந்து உடறீங்களா? சம்பளம் வேற குடுப்பாங்களா இதுக்கு?"

"குடுப்பாங்கக்கா."

"எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு வேல போட்டுக் குடுங்க. கருமாந்தரத்த அவரும் உடுவாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் குருத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதுக்கு மருந்து மட்டும் அடிக்கக் கூடாது" என்றேன்.

"செரீங்க அம்மணி" என்றார்.

நான் பொங்கல் லீவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போனேன். மாட்டுப் பொங்கலை எங்கள் பக்கம் பட்டிப் பொங்கல் என்போம், அது முடிந்துதான் வந்தேன். திரும்பி வந்து முதல் குருத்தை விரித்துப் பார்த்தேன். புது இலை சுத்தமாக இருந்தது. புழு சுரண்டியிருந்தால், இலை விரியும்போது குறுக்காக வரிசையாய் ஓட்டை தெரியும். ஓட்டை இல்லை. இரண்டாவது குருத்து, அடுத்த வரிசை, நாட்டுச் சோளம், புது ரகம், எங்கேயும் இல்லை. குருத்தின் அடியில் புழு செத்து ஒட்டிக்கிடந்தது. மூக்கை வைத்தேன். மருந்து வாடை.

அண்ணன் வேகமாக வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வாங்க அம்மணி, பொங்கல் நல்லா ஆச்சுங்களா? காட்டப் பாத்தீங்களா? எப்பிடி நிக்குது பாருங்க!"

"அண்ணா, மருந்து அடிச்சீங்களா?"

"ஒரே ஒரு டேங்க் அடிச்சுபோட்டனுங்க. பட்டிப் பொங்கலுக்கு ஒறம்பரை சொந்தக்காரங்க அத்தனை பேரும் வாராங்க. பெருந்துறை மச்சான் வண்டிய உட்டு எறங்குனதுமே, 'என்ன மாப்ள, கம்பெனிக்குக் காட்ட உட்டுப்போட்டு நீ புழு வளக்கறயா, பட்டு நூல் எப்ப வரும்'ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. ரோட்டு மேல காடு, போறவன் வாரவன் எல்லாம் பாக்கறான். மனசு கேக்கலீங்க."

"அடிக்கக் கூடாதுன்னு சொன்னனே, அண்ணா."

"சொன்னீங்க. மருந்துக்குக் கம்பெனி காசு தர மாட்டேங்குது, எங்கிட்டக் கேக்க நீங்க கூச்சப்படறீங்களாக்கும்னு நெனச்சேன். எங்காசுலதானுங்க அடிச்சேன். உங்ககிட்டக் கேப்பனுங்களா?"

இதை எந்த ஊரில் போய்ச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இங்கே உள்ளவர்களுக்குப் புரியும். வேண்டாம் என்று சொன்னால் நம் ஆட்கள் அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். காப்பி வேண்டாம் என்றால் காப்பி வரும். மருந்து வேண்டாம் என்றேன், மருந்து வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் போதாது. ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். புழு தின்பதைப் பார்ப்பதற்குத்தான் இந்தக் காடு, தின்னாவிட்டால் இந்தக் காட்டுக்கு அர்த்தமே இல்லை என்று அன்றைக்கு உட்காரவைத்துச் சொன்னேன். சரஸ்வதி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் சொன்னார்: "டாக்டருகிட்ட நானே சொல்றனுங்க. நீங்க சொன்னா பழி உங்க மேல உழும்."

இளநீர்

அந்த வாரமே டாக்டர் சார் வந்தார். கூட விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் கேமராவோடு வந்தார். அண்ணன் மரமேறி இறக்கிய இளநீரைச் சீவிக் கொடுத்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரு, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. நீங்க புழு உட்ட காட்டுல மருந்து அடிச்சுபோட்டேன். வெவரம் தெரியாமப் பண்ணிட்டேன். மறுக்கா விதைங்க, குத்தகை ஒண்ணும் வேண்டாங்க, தண்ணியெல்லாம் நானே உடறேன்."

டாக்டர் சார் இளநீரைக் குடித்து முடித்தார். காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அட, விடுங்க கவுண்டரே. காடு இவ்வளவு நல்லா இருக்கு. நல்லா இருக்கறதுக்குப் போய் மன்னிப்புக் கேக்கறீங்க!"

"இல்லீங்க, அம்மணி சொன்னாங்க, இனி இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு."

"அம்மணி அப்படித்தான் சொல்லும். நீங்க போய் இன்னொரு காய் வெட்டுங்க."

அண்ணன் போனதும் நான் சொன்னேன். இந்த ட்ரையல் செல்லாது சார், தள்ளிவிட்டு அடுத்த விதைப்புப் பட்டத்தில் மறுபடி போடலாம் என்றேன்.

"ஒரு சீசன் போயிரும்மா. டீலர் எல்லாம் கேக்கறாங்க."

"புழு வந்தா இது தாங்குமான்னு நமக்குத் தெரியாதே, சார்."

"கண்ணுக்குத் தெரியறதை ரேட்டிங் போடு. டேமேஜ் தெரியுதா? தெரியல. அவ்வளவுதான்."

"இது செடி தாங்குனது இல்ல சார், மருந்து தாங்குனது."

"பூச்சி செக்ஷன்காரங்களுக்குப் பூச்சி இல்லைன்னா மனசு ஆறாது" என்று கேமராக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் சிரித்தார். புது ரகத்தின் நடுவில் அண்ணனை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அண்ணனுக்குக் குழப்பம். டாக்டரே சரி என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

புழு எவ்வளவு தின்றது என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் ரேட்டிங். அதை நான் போடவில்லை. வேறொருவர் போட்டார். அடுத்த மாதம் என்னை விதை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பூச்சியைப் பற்றி நான் பேசுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பை

பேக்கிங்கில் அச்சடித்த பைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. பையில் நாச்சிமுத்து அண்ணன் படம். அதற்குக் கீழே இரண்டு வரி. இளம் பயிரிலேயே அறுத்து மாட்டுக்குப் போடலாம் என்பது ஒன்று. பூச்சி தாங்கும், மருந்து தேவையில்லை என்பது இன்னொன்று.

முதல் வரி உண்மை. இரண்டாவது வரியை யாரும் பார்த்தது கிடையாது. புழு சற்று அதிகம் வரும், குருத்தைக் கவனியுங்கள் என்று எழுதியிருந்தால் போதும். விவசாயி கவனித்திருப்பான். விஷம் இல்லை என்பதற்காகவே வாங்கியும் இருப்பான். அதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று பேக்கிங் மேனேஜரிடம் கேட்டேன். "அம்மணி, பைல நல்லது போடறதுக்கே எடம் பத்தலீங்க" என்றார்.

தாராபுரம் சுற்று வட்டாரத்தில் விதை நன்றாகப் போனது. பையைப் பார்த்து வாங்கினவர்கள் குறைவு. பொங்கலுக்குப் பிறகு ரோட்டோரம் சுத்தமாக நின்ற காட்டைப் பார்த்து வாங்கினவர்கள்தான் அதிகம். நாச்சிமுத்து காட்டில் வந்தால் நம் காட்டிலும் வரும் என்றார்கள். அண்ணனும் கிடாரி செத்த கதையைச் சொல்லி, இதைப் போடுங்கள் என்றுதான் சொன்னார்.

அடுத்த பட்டத்தில் புழு வந்தது. தண்டுத் துளைப்பான் மட்டும் இல்லை, மக்காச்சோளத்தைத் தின்றுகொண்டிருந்த படைப்புழுவும் இந்தப் பக்கம் திரும்பியது. நாட்டுச் சோளம் நின்ற காடுகளில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. புது ரகத்தில் குருத்து காய்ந்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. மருந்து தேவையில்லை என்று போட்டிருந்ததால் நிறையப் பேர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். பிறகு அடித்தார்கள். அடித்தால் அந்தச் சோளத்தட்டை உடனே மாட்டுக்குப் போட முடியாது. கோடை வேறு. தீவனம் காட்டில் நிற்கிறது, மாடு கட்டுத்தறியில் பசியில் கத்துகிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு விற்கச் சந்தைக்குப் போனவர்களும் உண்டு.

மண்டபம்

விவசாயிகள் கம்பெனி வண்டியை மறித்த பிறகுதான் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். சரஸ்வதி அக்கா போன் போட்டுக் கூப்பிட்டதால் போனேன்.

டாக்டர் சார் பேசினார். விவசாயிகள் அளவில்லாமல் மருந்தடிப்பதுதான் பூச்சி பெருகக் காரணம் என்று ஆரம்பித்தார். பிறகுதான் அந்த வரி. ட்ரையல் காட்டில் ஒரு விவசாயி எங்களுக்குத் தெரியாமல் மருந்தடித்து எங்களையே ஏமாற்றிவிட்டார் என்றார். பெயர் சொல்லவில்லை. பையில் படம் இருக்கும்போது பெயர் எதற்கு? மண்டபமே திரும்பி அண்ணனைப் பார்த்தது.

அண்ணன் எழுந்தார்.

"ஏனுங்க டாக்டரு, நான் உங்ககிட்டச் சொன்னனுங்களே..."

"கேள்வியெல்லாம் கடைசியில, உக்காருங்க" என்றார் மேடையில் இருந்த விற்பனை ஆள்.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மேடையில் இருக்கிறவரைப் பொய்யர் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான் எழுந்தேன். "அவர் சொன்னார், நான் கேட்டேன்" என்று கத்தினேன். மைக் இல்லை. டாக்டர் சாருக்கு ரயில் நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்தார்கள். கேள்விக்கு வைத்திருந்த நேரத்தில் சாப்பாடு போட்டார்கள்.

மறுநாள் பால் சொசைட்டியில் கேனை இறக்கும்போதே ஒருவர் ஆரம்பித்தார்.

"வாங்க, மருந்துக்காரரே. பாலுக்கும் ஒரு டேங்க் அடிச்சுட்டு வந்தீங்களா?"

இன்னொருவர்: "அவர ஏய்யா சொல்ற? கம்பெனி படமெல்லாம் போட்டிருக்குது. சும்மாவா போடுவான்? எத்தனை வாங்குனாரோ!"

அண்ணன் வாங்கியது ஒன்றும் இல்லை. குத்தகையைக்கூட அவர் கேட்டு வாங்கவில்லை. அன்றிலிருந்து அவர் சொசைட்டிக்குப் போவதில்லை. அக்காதான் கேனைக் கொண்டுபோகிறார். போன மாதம் நான் போயிருந்தபோது அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ரோட்டோரக் காட்டை உழாமல் போட்டிருந்தார்.

"ஏன் அண்ணா சும்மா கெடக்குது?"

"எதப் போட்டாலும் பாப்பாங்க அம்மணி" என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார். "தப்புப் பண்ணுனதும் தானாப் போயிச் சொன்ன மனுசன் இவரு. அவஞ் சொல்லுவானா? கேட்டுச் சொல்லுங்க அம்மணி, அவஞ் சொல்லுவானா?"

கேட்கிறேன்

முப்பது வருஷத்துக்கு மேல் புழுவோடு வேலை பார்த்ததில் நான் கற்றது ஒன்றுதான். ஒரு செடிக்குக் காவல் இருக்கிறதா என்பது கடி வாங்கினால்தான் தெரியும். கடிபடாத செடியைக் காட்டி இது தாங்கும் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். காடு சுத்தமாக இருந்தால், ஏன் சுத்தமாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் மேலதிகாரி கேட்க வேண்டாம் என்றாலும் கேளுங்கள். பேக்கிங்குக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். சாப்பாடு கிடைக்கும்.

டாக்டர் சார், விஷம் இல்லாத சோளம் கொண்டுவந்தீர்கள் என்பதற்காக உங்களை யாரும் திட்டவில்லை. பையில் போட்ட இரண்டாவது வரிக்குக் கம்பெனி என்ன செய்யப்போகிறது என்பது தனிக் கணக்கு, அதை விவசாயிகள் கேட்டுக்கொள்வார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம். அண்ணன் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுச் சமாதானம் பேசவும் வேண்டாம், அவர் மரியாதைக்குச் சரி என்று சொல்லிவிடுவார். எந்த மண்டபத்தில் சொன்னீர்களோ அதே மண்டபத்துக்கு வாருங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். பால் சொசைட்டி ஆட்கள் எல்லோரையும் நான் வரச் சொல்கிறேன். நாச்சிமுத்து அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

பொங்கல் முடிந்த வாரம், அவர் காட்டில் நின்று, அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, மருந்து அடித்துவிட்டேன் என்று அவர் உங்களிடம் சொன்னாரா, இல்லையா?

எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.